சாதுவாக நிற்கும் காளையும் சாதுவான கன்றும்

ஆஸ்திரேலியாவின் மத்திய குயின்ஸ்லாந்தில் நான் வேலை பார்க்கும் பண்ணையின் மாடுகள் வருஷத்துக்கு இரண்டு தடவைதான் மனிதனைக் கிட்டத்தில் பார்க்கும். மழைக்காலம் முடிந்து புல் நிற்கும்போது ஒரு தடவை, காடு காய்ந்து போவதற்கு முன்னால் இன்னொரு தடவை. ஹெலிகாப்டர், மோட்டார் சைக்கிள், குதிரை எல்லாம் சேர்ந்து மேய்ச்சல் காட்டிலிருந்து அவற்றைத் திரட்டிப் பட்டிக்குள் கொண்டுவருவோம். இதை இங்கே மஸ்டர் என்பார்கள். கன்றைத் தாயிடமிருந்து பிரிப்பது, காதுப்பட்டை, சூட்டுக்குறி, தடுப்பூசி, சினைப் பரிசோதனை எல்லாம் அந்த நாட்களில்தான். மீதி மாதங்களில் மாடு அது பாட்டுக்கு மேய்ந்து, தண்ணீர்த் தொட்டிக்கு வந்து போய்க்கொண்டிருக்கும்.

நான் காங்கயம் பக்கத்திலிருந்து வந்தவன். எங்கள் ஊரில் கை படாத மாடு கிடையாது. கொறங்காட்டில் அவிழ்த்து விட்டு மேய்த்தாலும் அதற்கு ஆளின் குரல் தெரியும். கன்றிலேயே தடவிக் கொடுத்து, பருவம் வந்ததும் மூக்கணாங்கயிறு குத்தி, வண்டிக்கோ ஏருக்கோ பழக்கிவிடுவார்கள். மிரளும் சுபாவம் ரத்தத்தில் இருந்தாலும் தினசரிப் பழக்கம் அதைப் பெரும்பாலும் மூடிவிடும். இங்கே மூடுவதற்கு நாளும் இல்லை, ஆளும் இல்லை. தாய் தகப்பன் வழியாக வந்த குணம் அப்படியே பட்டிக்குள் வந்து நிற்கும். காளை வாங்கும்போது எடை, கால், விரைச் சுற்றளவு பார்ப்பதோடு, குணம் கன்றுக்கு எவ்வளவு இறங்கும் என்ற மரபுக் கணிப்பையும் பார்க்க வேண்டிய கட்டாயம் அங்கிருந்துதான் வருகிறது.

குணம் என்று நான் சொல்வது அன்பையோ புத்தியையோ குறித்து இல்லை. ஆள் கிட்டே வரும்போதும், தனியாக அடைபடும்போதும் மாடு எவ்வளவு பதறுகிறது, எவ்வளவு பாய்கிறது என்பதுதான். எங்கள் பட்டியின் நடுவில் கிரஷ் இருக்கிறது. மாட்டை ஒவ்வொன்றாக நிறுத்திக் கழுத்தைப் பிடித்துக்கொள்ளும் இரும்புக் கூண்டு அது. அதற்குள் வரும் வழி, ஒரு மாடு மட்டும் நடக்கும் அகலமுள்ள ரேஸ். சாதுவான மாடு ரேஸில் நடந்து வந்து, கிரஷில் நின்று, கழுத்து விட்டதும் வெளியே நடந்து போகும். மிரளும் மாடு ரேஸுக்குள்ளேயே திரும்பப் பார்க்கும், முன்னால் நிற்கும் மாட்டின் மேல் ஏறும், கம்பியில் மோதித் தன் உடம்பைக் காயப்படுத்திக்கொள்ளும். எங்களோடு வேலை செய்த ஒருவரை ஒரு பசு தடுப்புக் கம்பியோடு சேர்த்து நெருக்கியதில் அவருக்கு விலா எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரி பல மணி நேரப் பயண தூரத்தில் இருக்கும் நாடு இது. குணம் கெட்ட மாட்டை வைத்திருப்பது லாப நஷ்டக் கணக்குக்கு முன்னால் ஆளின் உயிர்க் கணக்கு என்று அன்றிலிருந்து நான் உறுதியாக நினைக்கிறேன்.

சரி, அப்படியானால் சாதுவான காளையைப் பார்த்து வாங்கினால் போதாதா? இந்தக் கேள்வியைத்தான் புதிதாக வருபவர்கள் எல்லாரும் கேட்பார்கள். போதாது.

எங்கள் பகுதியின் நகரமான ராக்ஹாம்ப்டனுக்குப் பக்கத்தில் கிரேஸ்மியரில் பெரிய மாட்டுச் சந்தை இருக்கிறது. அக்டோபரில் அங்கே பிராமன் காளைகளின் ஏலம் நடக்கும். ஏலத்துக்கு வரும் காளைகள் மாதக்கணக்கில் தீவனம் வைத்து, ஆள் கூடவே இருந்து, பலவற்றைக் கயிறு கட்டி நடத்தி, குளிப்பாட்டிப் பழக்கியவை. பிராமன் இயல்பிலேயே கற்றுக்கொள்ளும் சாதி. நம் நாட்டு ஓங்கோல், கிர், குஜராத்தின் காங்கிரேஜ் போன்றவற்றின் வழியில் அமெரிக்காவில் உருவாக்கிய இனம் அது. 1933இல் அங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்கு வாங்கி வந்தார்கள். அன்பாகக் கையாண்டால் கையில் தீவனம் வாங்கித் தின்னும். முரட்டுத்தனமாகக் கையாண்டால் அதையும் நாளெல்லாம் மறக்காது. அதனால் ஏலத்தில் நிற்கும் காளையின் அமைதியில் எவ்வளவு பழக்கம், எவ்வளவு பிறவி என்று கண்ணால் பிரிக்க முடியாது. பழக்கம் விலைக்கு வாங்கியவரின் பட்டிக்கு வரும். கன்றுக்குப் போகாது.

எங்கள் பண்ணையில் ஒரே பருவத்தில் வாங்கிய இரண்டு காளைகளைப் பற்றிச் சொல்கிறேன். ஒன்று, முதுகில் சின்னப் பையனை உட்கார வைக்கலாம் என்று சொல்லத்தக்க காளை. இன்னொன்று, நெருங்கினால் தலையைத் தூக்கி இரண்டடி பின்வாங்கும். முதல் காளையின் குணக் கணிப்பு அந்த இனத்தின் சராசரிக்குக் கீழே இருந்தது. இரண்டாவதன் கணிப்பு நன்றாக மேலே. மேலாளர் இரண்டையும் தெரிந்தேதான் வாங்கினார். முதலாவதை அதன் எலும்புக்கும் கொம்பில்லாத தன்மைக்கும். கன்றுகள் பிரிக்கும் வயதுக்கு வந்தபோது ரேஸின் ஓரத்தில் நின்றிருந்த எல்லாருக்கும் வித்தியாசம் தெரிந்தது. சாது காளையின் கன்றுகளில் கூரையைப் பார்த்துக் குதிப்பவை அதிகம். பின்வாங்கிய காளையின் கன்றுகள் வந்தன, நின்றன, போயின. இரண்டே காளைகளை வைத்து எதையும் நிரூபித்ததாகச் சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணுக்குத் தெரிவது வேறு, கன்றுக்குப் போவது வேறு என்பதை எனக்கு மறக்காதபடி காட்டியது அந்த வருஷத்துக் கன்றுகள்தான்.

இனி அந்தக் கணிப்பு என்ன என்று பார்ப்போம். ஆஸ்திரேலியாவில் இதற்கு இ.பி.வி. என்று பெயர். ஒரு மாட்டின் சொந்த அளவு, அதன் தாய் தகப்பன், உடன்பிறப்புகள், பிள்ளைகள் ஆகியவற்றின் அளவுகள், இப்போது மரபணுப் பரிசோதனையும் சேர்த்து, அந்த மாட்டின் மரபுத் தகுதி எவ்வளவு என்று கணக்கிட்ட எண். ஆர்மிடேலில் நியூ இங்கிலாந்து பல்கலைக்கழகத்தில் இருக்கும் மரபியல் பிரிவு இதற்கான கணக்குமுறையை உருவாக்குகிறது. பண்ணைகளுக்கு வரும் வடிவத்தின் பெயர் ப்ரீட்பிளான். அமெரிக்காவில் இதே வேலையைச் செய்யும் எண்ணுக்கு இ.பி.டி. என்று பெயர். ஒரு வித்தியாசத்தை மட்டும் மனதில் வைக்க வேண்டும். கன்றுக்குத் தகப்பனிடமிருந்து பாதிதான் வரும். இ.பி.டி.யில் அந்தப் பாதியை ஏற்கனவே கணக்கிட்டுக் கொடுத்துவிடுவார்கள். இ.பி.வி.யில் நாமே பாதியாக்க வேண்டும்.

குணத்துக்கு இரண்டு வகையான எண்கள் வழக்கத்தில் இருக்கின்றன. முதலாவது டோசிலிட்டி. கன்றைப் பட்டியிலோ கிரஷிலோ வைத்து ஆள் கண்ணால் பார்த்து மதிப்பெண் போடுவது. 1 என்றால் சாது, 2 என்றால் நிலைகொள்ளாதது, அதற்கு மேலே போகப் போகப் பதற்றம், பாய்ச்சல், தாக்குதல். அமெரிக்காவில் 1 முதல் 6 வரை போடுகிறார்கள். அங்கே லிமோசின் இனத்துக்கு ஒரு காலத்தில் மிரளும் மாடு என்ற கெட்ட பெயர் இருந்தது. அந்த இனத்தின் சங்கம் 1990களில் இந்த மதிப்பெண்களைத் திரட்டி, குணத்துக்கு மரபுக் கணிப்பு வெளியிட்டு, தலைமுறை தலைமுறையாகத் தன் இனத்தையே மாற்றிக் காட்டியது. குணத்தைத் தேர்ந்தெடுத்து மாற்ற முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது. ஆங்கஸ் என்ற இன்னொரு இனத்தின் அமெரிக்கச் சங்கம் 2008இல் தன் டோசிலிட்டி கணிப்பைக் கொண்டுவந்தது. ப்ரீட்பிளானில் டோசிலிட்டி இ.பி.வி. சதவீதத்தில் வரும். ஏற்றுக்கொள்ளத்தக்க குணம், அதாவது 1 அல்லது 2 வாங்கும் பிள்ளைகளின் சதவீதம் எவ்வளவு கூடும் குறையும் என்பதை அது சொல்கிறது. எண் பெரிதாக இருந்தால் நல்லது.

இரண்டாவது ஃபிளைட் டைம். பிராமன் போன்ற வெப்பநாட்டு மாடுகளில் எங்களுக்கு முக்கியமானது இதுதான். கிரஷின் கதவைத் திறந்ததும் மாடு வெளியே போகும் வழியில் ஏறக்குறைய 2 மீட்டர் தூரத்தை எத்தனை நொடியில் கடக்கிறது என்று ஒளிக்கதிர் வைத்த கருவி அளக்கும். மிரண்ட மாடு பிய்த்துக்கொண்டு ஓடும், நேரம் குறைவு. அமைதியான மாடு நடக்கும், நேரம் அதிகம். ஆள் மதிப்பெண் போட வேண்டியதில்லை, கருவி யாருடைய காளை என்று பார்க்காது. இந்த முறையை 1988இல் வெளியிட்டவர்கள் ஹெதர் பர்ரோவும் அவருடன் வேலை செய்த ஆய்வாளர்களும். எங்கள் பகுதியில், ராக்ஹாம்ப்டன் பக்கத்தில் வெப்பநாட்டு மாடுகளை வைத்துப் பல வருஷங்கள் நடந்த ஆராய்ச்சியின் பிள்ளை இது.

எண்ணைப் படிப்பது எப்படி என்று ஒரு கணக்கு. ஒரு காளையின் ஃபிளைட் டைம் இ.பி.வி. +0.20 நொடி, இன்னொன்றுக்கு -0.10 என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 0.30. அதில் பாதி, 0.15 நொடி. ஒரே மாதிரிப் பசுக்களோடு சேர்த்தால் முதல் காளையின் கன்றுகள் சராசரியாக அவ்வளவு மெதுவாக வெளியேறும் என்று எதிர்பார்க்கலாம். 0.15 நொடி என்றால் சிரிப்பு வரும். ஆனால் மிரண்ட மாடு அந்த 2 மீட்டரை ஒரு நொடிக்குள்ளேயே தாண்டிவிடும். அந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் இது சின்ன எண் கிடையாது. அதோடு சராசரி நகரும்போது ஓரத்தில் இருக்கும் படுமோசமான மாடுகளின் எண்ணிக்கைதான் முதலில் குறையும். பட்டியில் ஆளை அடிப்பது அந்த ஓரத்து மாடுகள்தானே.

எண்ணுக்குப் பக்கத்தில் துல்லியம் என்று ஒரு சதவீதம் போட்டிருப்பார்கள். நிறையப் பேர் அதைப் படிப்பதே இல்லை. 55 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது ஆரம்பக் கணிப்பு, பிள்ளைகளின் அளவுகள் சேரும்போது மேலும் கீழும் நகரலாம். 90க்கு மேல் போய்விட்டால் பெரும்பாலும் அசையாது. இரண்டு வயதுக் காளைகளில் அந்த உயரம் கிடைக்காது. அதனால் நாங்கள் ஒரே ஒரு காளையின் பெரிய எண்ணை நம்பிப் பணத்தைக் கொட்டுவதில்லை. நல்ல எண்ணுள்ள நாலைந்து காளைகளாக வாங்குகிறோம். ஒன்று இறங்கினாலும் கூட்டத்தின் சராசரி பெரும்பாலும் நிற்கும். வாலின் மயிரைப் பிடுங்கி அனுப்பிச் செய்யும் மரபணுச் சோதனை வந்த பிறகு இளம் காளைகளின் துல்லியம் கொஞ்சம் மேலே வந்திருக்கிறது. எங்களைப் போல ஒரே காட்டில் பல காளைகளை விடும் பண்ணைக்கு அதே மயிர்தான் இது யாருடைய கன்று என்பதையும் சொல்கிறது. தகப்பன் தெரியாத கன்றின் அளவை வைத்து எந்தக் காளையையும் எடை போட முடியாது.

எந்த இனத்தின் கணக்கு என்பதையும் பார்க்க வேண்டும். சில காடுகளில் பிராமன் பசுக்களுக்கு ஆங்கஸ் காளை விடுகிறோம். ஆங்கஸின் டோசிலிட்டியையும் லிமோசினின் டோசிலிட்டியையும் பக்கத்தில் வைத்து எது பெரிது என்று பார்ப்பதில் அர்த்தம் இல்லை. இரண்டுக்கும் அடித்தளம் வேறு. அந்தந்த இனத்துக்குள் இந்தக் காளை மேலே எத்தனையாவது சதவீதத்தில் நிற்கிறது என்று பட்டியல் போடுவார்கள். அதைப் பார்ப்பதுதான் சரி.

இப்போது எனக்கு மிகவும் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்த எண் எங்கோ கணினியில் பிறப்பதில்லை. பட்டியில், புழுதியில், கன்றைப் பார்த்து ஒருவர் எழுதும் மதிப்பெண்ணில் பிறக்கிறது. அங்கே நேர்மை இல்லை என்றால் மேலே எத்தனை கணக்குப் போட்டாலும் பயனில்லை. எங்கள் பண்ணையில் வணிக மந்தையோடு, சொந்தக் காளைகளை உருவாக்க ஒரு சின்னப் பதிவு மந்தையும் இருக்கிறது. அதன் கன்றுகளுக்கு ஃபிளைட் டைம் அளக்கும் வேலையிலும், மதிப்பெண் போடும் வேலையிலும் நான் இருக்கிறேன். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

கன்றைத் தாயிடமிருந்து பிரிக்கும் சமயத்திலேயே அளந்துவிட வேண்டும். பிரித்த பிறகு கன்றுகளைப் பட்டியில் சில நாட்கள் வைத்து வைக்கோல் போட்டு, ஆள் நடுவே நடந்து, நாயையும் குதிரையையும் காட்டிப் பழக்குவோம். அந்தப் பழக்கத்துக்குப் பிறகு அளந்தால் நீங்கள் அளப்பது உங்கள் ஆட்களின் திறமையை. கிரஷில் வைத்துக் கொம்பு வெட்டிவிட்டோ, சூடு போட்டுவிட்டோ உடனே கதவைத் திறந்து நேரம் பார்ப்பதும் தப்பு. வலியில் ஓடும் கன்று எதையும் சொல்லாது. நாங்கள் அளவை முதலில் முடித்துவிட்டு மற்றதை இன்னொரு சுற்றில் செய்கிறோம். வேலை இரட்டிப்பு ஆகிறது, வேறு வழியில்லை.

கண்ணால் மதிப்பெண் போடுவதாக இருந்தால் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே ஆள் போட வேண்டும். ஒருவருக்கு 2 என்று படுவது இன்னொருவருக்கு 3. வெயில் ஏறிய பிறகு ஆட்கள் சத்தம் போட ஆரம்பிப்பார்கள், நாய் குரைக்கும். அப்போது வரும் கன்றுகள் காலையில் வந்தவற்றைவிட மோசமாகத் தெரியும். அன்று நாயைக் கட்டிப் போட்டுவிடுகிறோம். மின்கோல் பட்டிக்குள்ளேயே வரக் கூடாது. ஒரே மாதிரி வளர்ந்த கன்றுகளை ஒரே குழுவாக எழுத வேண்டும். வீட்டுப் பக்கத்துக் காட்டில் தினமும் வண்டி பார்த்து வளர்ந்த கன்றையும் மலையோரத்தில் வளர்ந்த கன்றையும் ஒரே குழுவில் போட்டால், கணக்கு காட்டின் வித்தியாசத்தைக் காளையின் வித்தியாசமாக எடுத்துக்கொள்ளும்.

எல்லாக் கன்றுகளையும் எழுத வேண்டும், முக்கியமாக மோசமானவற்றை. பாய்கிற கன்றை முதல் நாளே லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு மீதிக்கு மதிப்பெண் போட்டால், அந்தக் கன்றின் தகப்பன் சுத்தமாகத் தப்பித்துவிடுவான். ஒரு காளைப் பண்ணையில் வருஷா வருஷம் எல்லாக் கன்றுக்கும் 1 என்றே எழுதி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். வாங்குபவர்களுக்கு நல்ல பெயர் காட்டலாம் என்று நினைத்திருப்பார்கள். எல்லாருக்கும் ஒரே மதிப்பெண் என்றால் அந்தக் குழுவில் யார் யாரைவிட மேல் என்று கணக்கால் எதையும் எடுக்க முடியாது. அவர்களுடைய உண்மையிலேயே நல்ல காளைகளுக்கும் அதனால் எண் உயரவில்லை. இது எனக்கு மிகவும் வருத்தம் தந்த விஷயம். 3 என்று எழுதக் கை கூசக் கூடாது. அந்த 3தான் மற்ற கன்றுகளின் 1க்கு மதிப்பைக் கொடுக்கிறது.

நெற்றிச் சுழியைப் பற்றி நம் ஆட்கள் கட்டாயம் கேட்பார்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் மாடு பார்க்கப் போனால் முதலில் சுழிதான் பார்ப்பார்கள். தாமணிச் சுழி, விபூதிச் சுழி, கோபுரச் சுழி என்றால் விலை ஏறும்; முக்கண் சுழி, விலங்குச் சுழி என்றால் வீட்டுக்குள் விட மாட்டார்கள். இங்கே வந்த பிறகு, மாட்டின் நடத்தையை ஆராயும் அமெரிக்க விஞ்ஞானி டெம்பிள் கிராண்டினும் அவர் குழுவும் 1995இல் செய்த ஆய்வைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மெய் சிலிர்த்தது. நெற்றிச் சுழி கண்ணுக்கு மேலே உயரமாக இருக்கும் மாடுகள் கிரஷில் பிடிக்கும்போது அதிகம் பதறுகின்றன என்று அதில் கண்டிருந்தார்கள். சுழிக்கும் குணத்துக்கும் தொடர்பு தேடிய நம் பெரியவர்களின் கண் வெறும் கண் இல்லை என்று எனக்குப் பட்டது. ஆனாலும் காளை வாங்க நான் சுழியை நம்புவதில்லை. அது ஒரு கூட்டத்தின் சராசரிப் போக்கு. இந்தக் காளை தன் கன்றுகளுக்கு எவ்வளவு கொடுக்கும் என்பதைச் சொல்ல, அதன் சொந்த பந்தங்களின் அளவுகள்தான் வேண்டும்.

குணம் எவ்வளவு தூரம் பரம்பரை? ஆய்வுகளில் பெரும்பாலும் 0.2 முதல் 0.4 வரை வருகிறது. அதாவது ஒரே குழுவில் மாட்டுக்கு மாடு நாம் பார்க்கும் வித்தியாசத்தில் அந்தப் பங்கு மரபிலிருந்து வருகிறது. தேர்வு செய்தால் பலன் கிடைக்கும் அளவுக்கு இது போதும். மீதிப் பெரும்பங்கு வளர்ப்பும் கையாளுதலும் அன்றைய சூழலும். அதனால் நல்ல எண்ணுள்ள காளைகளை வாங்கிவிட்டு, பட்டியில் கத்திக்கொண்டு கம்பால் அடித்து வேலை செய்தால் பணம் வீண். பிரித்த கன்றுகளை ஒரு வாரம் பத்து நாள் பட்டியிலேயே வைத்து அமைதியாகப் பழக்குவதை நாங்கள் ஒரு வருஷமும் விடுவதில்லை. கணிப்பும் கையாளுதலும் ஒரே வண்டியின் இரண்டு எருதுகள். ஒன்று படுத்துவிட்டால் மற்றது தனியாக இழுக்காது.

கறியின் தரத்திலும் இது தெரிகிறது. வெப்பநாட்டு இனங்களில் ஃபிளைட் டைம் அதிகமுள்ள மரபுவழிகளின் இறைச்சி மிருதுவாக இருக்கும் போக்கு இங்குள்ள ஆராய்ச்சிகளில் வந்திருக்கிறது. பதறிய மாடு தசையில் சேர்த்து வைத்த சர்க்கரைச் சத்தை வெட்டுக்குப் போகும் முன்பே எரித்துவிடும். பிறகு இறைச்சியின் அமிலத்தன்மை தேவையான அளவுக்கு வராது. நிறம் கறுத்துப் போகும். எம்.எஸ்.ஏ. என்ற இங்குள்ள இறைச்சித் தர முறையில் பி.ஹெச். (அமிலம் குறைந்தால் கூடும் அளவு) 5.70ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த உடல் தரத்திலிருந்து விழும், விலையும் விழும். அடைத்து வைத்துத் தீவனம் போடும் இடங்களிலும் அமைதியான மாடுகள் தினசரி அதிக எடை போடுவதை 1997இல் அமெரிக்காவில் கிராண்டின் குழுவே காட்டியிருக்கிறது. ஆனால் உண்மையைச் சொன்னால், பட்டியில் நிற்கும் நாங்கள் இதை முதலில் கேட்டபோது இறைச்சிக் கணக்கைவிட ஆள் பத்திரமாக வீட்டுக்குப் போகும் கணக்குதான் எங்களுக்குப் பெரிதாகப் பட்டது.

ஒரு பயம் இங்கே பலருக்கு உண்டு, எனக்கும் இருந்தது. குணம் சாதுவாகிக்கொண்டே போனால் பசு தன் கன்றை டிங்கோவிடமிருந்து காக்குமா? டிங்கோ என்பது இங்குள்ள காட்டு நாய். பிறந்த கன்றைக் குறிவைக்கும். நான் பார்த்தவரை, கிரஷில் அமைதியாக நின்ற பசுக்கள் காட்டில் கன்றைச் சுற்றி நின்று நாயை விரட்டியிருக்கின்றன. இந்த எண்கள் கன்று வயதில், பட்டியில், மனிதனுக்கு மாடு காட்டும் பதிலை அளப்பவை. கன்று ஈன்ற பசுவின் ஆவேசத்தை இவை அளப்பதில்லை. அதனால் அதைத் தனியாகக் கவனித்து எழுதிக்கொள்கிறோம். கன்றை விட்டுவிட்டு ஓடும் பசுவுக்கும் எங்கள் மந்தையில் இடமில்லை, காதுப்பட்டை போடப் போன ஆளைத் துரத்திக் குத்தும் பசுவுக்கும் இடமில்லை.

எண்ணை எவ்வளவு உயரத்துக்குத் துரத்துவது? இங்கே என் கருத்து கொஞ்சம் கறாரானது. குணத்தை நாங்கள் வாசற்படியாக வைத்திருக்கிறோம். இனத்தின் நடு அளவுக்குக் கீழே இருக்கும் காளையை, மற்ற எண்கள் எவ்வளவு ஜொலித்தாலும் வாங்குவதில்லை. நான் மேலே சொன்ன அந்தச் சாது காளைக்குப் பிறகு மேலாளர் போட்ட விதி இது. அந்தப் படியைத் தாண்டிய காளைகளுக்குள் குணத்தை மறந்துவிட்டு, மகள்கள் எவ்வளவு சீக்கிரம் சினையாகும், வளர்ச்சி எப்படி, கால் எப்படி என்று பார்க்கிறோம். வடக்கில் பண்ணையின் வயிற்றை நிரப்புவது சினைப் பிடிப்புதான். ஃபிளைட் டைமில் முதல் இடம் வாங்கிய காளையின் மகள்கள் வருஷத்துக்குக் கன்று போடவில்லை என்றால் அந்த அமைதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அமெரிக்க ஆங்கஸ் சங்கமும் இதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறது: குணத்தில் தொல்லையே இல்லாத மந்தையில் டோசிலிட்டி எண்ணைக் கூட்டிக்கொண்டே போவதால் எதிர்பார்த்த பலன் தெரியாது.

மாற்றம் காளை வழியாகத்தான் வரும். நூறு பசுவுக்கு மூன்று காளை போடும் நாட்டில் ஒரு காளையின் குணம் வருஷத்துக்கு எத்தனை கன்றுகளில் இறங்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதன் மகள்கள் மந்தையில் நின்று பத்து வருஷம் கன்று போடும். இதனாலேயே பொறுமையும் வேண்டும். நல்ல காளைகளை விட்ட முதல் வருஷம் பட்டியில் பசுக்களின் ஆட்டம் அப்படியேதான் இருக்கும், ஏனென்றால் பசுக்கள் பழைய காளைகளின் மகள்கள். கன்றுகளில் முதலில் தெரியும். மகள்கள் கிடாரிகளாகி மந்தைக்குள் வந்த பிறகுதான் சினைப் பரிசோதனை நாள் சத்தமில்லாமல் முடியத் தொடங்கும். இதற்கிடையில் மோசமான பசுக்களை விற்பதை நிறுத்தக் கூடாது. அது உடனே பலன் தரும் வேலை, மரபுத் தேர்வு பின்னால் வரும் வேலை. இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும்.

ஊரிலிருக்கும் நண்பர்கள் போனில் பேசும்போது, காங்கயத்துக்கோ புலிக்குளத்துக்கோ இப்படி ஒரு எண் போட முடியுமா என்று கேட்கிறார்கள். ஏறு தழுவும் காளைக்கு வேண்டிய குணம் எங்களுக்கு வேண்டிய குணத்துக்கு நேர் எதிர். அங்கே பாய்ச்சலைத்தான் தலைமுறையாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், ஒரு எண்ணும் இல்லாமல். அதுவே குணம் வழிவழியாக இறங்கும் என்பதை நம் ஆட்கள் எவ்வளவு காலமாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள் என்பதைக் காட்டுகிறது. வண்டிக்கும் வீட்டுக்கும் வளர்க்கும் மாட்டில் எதிர்ப்பக்கத்துக்கும் அதே வழி திறந்திருக்கிறது. கணினிக்கு முன்னால் அதற்கு வேண்டியது, எந்தப் பூச்சிக்காளைக்கு, அதாவது இனவிருத்திக்கு வைத்திருக்கும் காளைக்கு, எந்தக் கன்று என்ற பதிவு. பிறகு, ஒரு ஊரில் ஒரே வயதில் இருக்கும் கன்றுகளை மூக்கணாங்கயிறு குத்துவதற்கு முன்னால், ஒரே நாளில் ஒரே ஆள் பார்த்துப் போடும் மதிப்பெண். பூச்சிக்காளை வைத்திருப்பவர்கள் காளை சேர்த்த தேதியையும் பசுக்காரர் பெயரையும் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தாலே முதல் வேலை நடந்துவிடும். எப்படி எழுதுவது, என்னென்ன குறிக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நாங்கள் பட்டியில் பயன்படுத்தும் தாளின் மாதிரியைத் தமிழில் எழுதித் தருகிறேன்.